அஞ்சலை கேட்டதற்கு டர்பனிலிருந்து பதில்

1

படித்தவர்கள் எழுதும் பத்திரிகையில் என் எழுத்தும் வருவதற்கு முதலில் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். அப்புறம் கரும்புத் தோட்டம், பிள்ளைகள், கீரைக்கட்டு என்று கை வேறு வேலைக்குப் போய்விட்டது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்று வந்து குறுக்கே நிற்கும். பெயர்கள் மறந்துபோகும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். நாலு ஊர் படிக்கப்போகிறது என்று நினைத்தால் பேனா வழுக்குகிறது.

ஆனாலும் எழுதியே ஆகவேண்டும். பாரிவாக்கத்து அஞ்சலைக்கு நான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. போன வருஷம் இதே மாசம், பெண்கள் நிறைந்த ஒரு பந்தலில் அவள் என்னை ஒரு கேள்வி கேட்டாள். "ஊருக்குப் போய் எழுதறேன்" என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டேன். பதிலைக் கேட்ட பிறகுதான் பந்தலுக்குள் வருவதா வேண்டாமா என்று பார்ப்பேன் என்று அவள் சொல்லியிருந்தாள். என் சிநேகிதி கதீஜா போடுகிற கடுதாசிகளில் எல்லாம் கடைசி வரி ஒன்றுதான்: "அஞ்சலை இன்னும் பந்தக்கால்கிட்டதான் குந்தியிருக்கிறாள். கப்பல்கார ஆயா லெட்டர் வந்துச்சா என்று கேட்கிறாள்."

அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. கதீஜா வீட்டுப் பந்தலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தப் பத்திரிகையை ஒருத்தி உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கிறார்கள். அதனால்தான் தனிக் கடுதாசியாகப் போடாமல் இதில் எழுதுகிறேன். அவள் எல்லோருக்கும் முன்னால் கேட்டாள். நானும் எல்லோருக்கும் முன்னால் சொல்வதுதான் முறை.

2

நான் டர்பனுக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்தபோது கல்யாணமாகி ஆறு மாசம். கரும்பு வெட்டிய காலம் முடிந்து, என் வீட்டுக்காரர் ஊரோரமாக ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். அதில் கீரை, மிளகாய், கொஞ்சம் மல்லிகை. அவர் போனபிறகும் நான் அதை விடவில்லை. விடியற்காலையில் கீரை அறுத்துக் கட்டி, கூடையில் வைத்துச் சந்தைக்குப் போய்விட்டு, பத்து மணிக்குத் திரும்பி வந்து டீ குடிப்பேன். பேத்தி சரோஜா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவளோடு சண்டை. இதுதான் என் நாள்.

சண்டை எதற்கு என்றால் தமிழுக்குத்தான். என் மகனுக்கு நம் பேச்சு வரும், எழுத வராது. சரோஜாவுக்கு "ஆயா, பசிக்குது" மாதிரி வீட்டுப் பேச்சு மட்டும் வரும். பசி தீர்ந்ததும் இங்கிலீஷ் வந்துவிடும். தெருவில் விளையாடும்போது இந்த நாட்டுக் கறுப்பு ஜனங்கள் பேசும் சூலு. அந்தப் பாஷையைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி பேசுவாள். "நம்ம பாஷை மட்டும் உனக்குத் தொண்டையில சிக்குதாடி?" என்று நான் கேட்டால் சிரிப்பாள். அந்தச் சூலு ஒரு நாள் எனக்குக் கைகொடுக்கப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

உலகத்துப் பெரிய சண்டை முடிந்து கப்பல்கள் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும், சாவதற்குள் ஒரு தரம் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. திரும்பி வரும்போது இந்த நாட்டுக்குள் விடுவதற்கு ஒரு காகிதம் வேண்டும். அதற்கு மூன்று நாள் நடந்தேன். கட்டைவிரலை மையில் அழுத்தி எடுத்தார்கள். எந்தத் தேதியில் பிறந்தாய் என்று கேட்டான் அங்கே இருந்த வெள்ளைக்காரக் குமாஸ்தா. ஏரி ரொம்பி வழிந்த வருஷம், தை அறுப்பு நேரம் என்றேன். அவன் ஜனவரி முதல் தேதி என்று எழுதிக்கொண்டான். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஜனவரி முதல் தேதி பிறந்தவர்கள்தான். அதற்குக் கீழே என்ன இனம் என்று ஒரு கட்டம். அதை அவன் என்னைக் கேட்கவே இல்லை. முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொண்டான்.

3

ஆவடி ஸ்டேஷனில் இறங்கியபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நான் போகும்போது வெறும் வயலாக இருந்த இடத்தில் பட்டாளத்து லாரி வரிசையாக நிற்கிறது. அண்ணி மாட்டுவண்டியோடு வந்திருந்தாள். என்னைக் கண்டதும் அழவில்லை. "இன்னாடி இப்படி கறுத்துப்போயிட்டே, அந்த ஊர்ல நெழலே இல்லியா?" என்றாள். அதைக் கேட்டு நான்தான் அழுதேன்.

கதீஜாவும் நானும் மூன்றாம் வகுப்பில் ஒரே பலகை. அவள் இப்போது பேரன் பேத்தி எடுத்தவள். பூந்தமல்லியில் அவர்களுடையது மளிகை மண்டி வைத்திருக்கும் குடும்பம். வீட்டுப் பின்பக்கம் தென்னை ஓலைப் பந்தல் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசுகிறாள். பெண்பிள்ளைகளை ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டும், ஊர்க் காரியத்தில் பெண் ஏன் முன்னால் நிற்கக்கூடாது, இந்துவும் துலுக்கரும் ஒரு தெருவில் இருந்துகொண்டு ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், இப்படி வாரம் ஒரு பேச்சு. நான் வந்தது தெரிந்ததும் ஆளைவிட்டுக் கூப்பிட்டாள்.

"தனம், இந்த வாரம் நீதான் பேசுற."

"நானா? எனக்கு இன்னா தெரியும்? கீரைக்கு விலை சொல்லவே குனிஞ்சுகினு சொல்றவ நான்."

"குனிஞ்சுகினே பேசு. அந்த ஊர்ல வெள்ளக்காரன் நம்மள இன்னா பாடு படுத்துறான்னு பாத்தவ நீ. பேப்பர்ல படிச்சு சொல்றவ பேச்ச கேட்டு கேட்டு எங்களுக்கு அலுத்துப்போச்சு."

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் போனேன். பயத்தில் நாக்கு வறண்டுவிட்டது. பந்தலுக்கு வெளியே கடைசிக் காலுக்குப் பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர், அதன்மேல் கவிழ்த்து வைத்த நாலைந்து கொட்டாங்கச்சி. அடடா, ஊர் மாறவே இல்லை, குளுகுளுவென்று கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டு, இரண்டு கொட்டாங்கச்சித் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தேன்.

அண்ணி ஓடி வந்தாள். "ஐயோ, ஐயோ! இன்னாடி பண்ணிட்ட! அது சேரிக்காரங்க குடிக்க நான் வெச்சது. நமக்கு உள்ள பித்தளைச் சொம்பு கீது, கண்ணு தெரியல?"

நாற்பது வருஷத்தில் எனக்கு அது சுத்தமாக மறந்துபோய்விட்டது. எனக்கு முகமெல்லாம் சுட்டது. பந்தக்காலில் சாய்ந்து குந்தியிருந்த ஒரு மெலிந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயசு இருக்கும். வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான் என்று தோளைப் பார்த்தால் தெரிந்தது. அவள்தான் அஞ்சலை.

4

நான் பேசினேன். கண்ணைப் பாயிலேயே வைத்துக்கொண்டு பேசினேன்.

கடற்கரையில் நடந்ததைச் சொன்னேன். ஒரு நாள் கூடை விற்காமல், கால் வீங்கி, கடற்கரைப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருந்ததாம். போலீஸ்காரன் வந்து என்னை எழுந்திரு என்றுகூடச் சொல்லவில்லை. தடியால் பெஞ்சைத் தட்டினான், கோழியை விரட்டுகிற மாதிரி. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள யாராவது கைகொடுக்க வேண்டும். ஒருவரும் கொடுக்கவில்லை. மணலில் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்து, அப்புறம் தலைக்கு ஏற்றினேன்.

பந்தலில் த்சொ த்சொ என்ற சத்தம். அண்ணி மூக்கைச் சிந்தினாள். தபாலாபீசில் எங்களுக்குத் தனி ஜன்னல், ரயிலில் தனிப் பெட்டி, எல்லாம் சொன்னேன். நடுநடுவே மீலி மாவு என்று டர்பன் பேச்சு வந்துவிடும். "அது இன்னாது?" என்று நாலு பேர் கேட்பார்கள். மக்காச்சோளம் என்று கதீஜா சொல்வாள். கடைசியில் எனக்கே கொஞ்சம் தைரியம் வந்து, "எங்க ஊர்ல நாங்க ஜாதிய எல்லாம் கடல்லயே போட்டுட்டோம். தோட்டத்து லைன் வீட்ல ஒரே கொழாத் தண்ணி, ஒரே அடுப்பு" என்று பெருமையாகச் சொல்லி முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் கை தட்டியது இல்லை.

அப்போது பந்தக்காலிலிருந்து குரல் வந்தது. "ஆயா, ஒண்ணு கேக்கட்டா?"

கதீஜா, "கேளு அஞ்சல" என்றாள்.

"நீ எங்க கொட்டாங்கச்சில குடிச்ச. அதனால உன்ன கேக்கலாம்னு தோணுது. வெள்ளக்காரன் உன்ன பெஞ்சில குந்த உடல. அது அவன் கொழுப்பு. உன் ஊட்டு வேலைக்கு ஆருனா வர்றாங்களா?"

"வர்றா. நோமுசான்னு ஒரு சூலுப் பொம்பள. செவ்வாக்கெழம துணி துவைக்க வருவா."

"அவ எதுல டீத்தண்ணி குடிக்கிறா?"

என் கண்முன்னால் அது வந்து நின்றது. எங்கள் பின்வாசலுக்கு வெளியே ஒரு ஆணி. அதில் ஒரு நீல எனாமல் குவளை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆணியை அடித்ததும் நான், குவளையை மாட்டியதும் நான். அதில் டீயை ஊற்றும்போது கெட்டில் மூக்குக் குவளையில் படாமல் தூக்கி ஊற்றுவேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கை தானாகத் தூக்கும்.

"வெளிய ஆணில மாட்டின ஒரு தனிக் குவளைல" என்றேன், பாயைப் பார்த்துக்கொண்டே. அஞ்சலை விடவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி கேட்டாள்.

"சண்டைக் காலத்துல என் தம்பி ஒரு பட்டாளத்து கேம்ப்புல வேல செஞ்சான் ஆயா. வெள்ளக்காரன் அவனுக்குத் தனிக் குவளை வெச்சான். அந்த வெள்ளக்காரன திட்டிகினே இருந்த நம்ம ஊரு சமையக்காரரு, அவரும் ஒண்ணு தனியா வெச்சாரு. மொத்த கேம்ப்புல ரெண்டு குவளை வெச்சிருந்த பெரிய மனுசன் என் தம்பிதான்!"

பாதிப் பந்தல் சிரித்தது. மீதிப் பாதி சிரிக்கலாமா என்று பக்கத்தில் பார்த்தது. கதீஜா பானையைப் பார்த்தாள், கொட்டாங்கச்சியைப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. அவள் வீட்டுப் பந்தலில் அதை இவ்வளவு நாள் அவள் கவனிக்கவில்லை. "அஞ்சல, உள்ள வா. என் பக்கத்துல குந்து" என்று பாயை நகர்த்தினாள்.

உடனே நாலு பெண்கள் எழுந்து போனார்கள். அண்ணியும் விசுக்கென்று எழுந்தாள். ஆனால் அவள் புடவைத் தலைப்பின்மேல் பக்கத்து வீட்டுப் பருமனான அம்மாள் உட்கார்ந்திருந்தாள். இழுத்தாள், வரவில்லை. இழுக்க இழுக்க அந்த அம்மாள், "இன்னாத்துக்கு இழுக்கற, சுண்டல் வருது குந்து" என்றாள். சுண்டல் வந்தது. அண்ணி உட்கார்ந்துவிட்டாள்.

அஞ்சலை மட்டும் வரவில்லை. "இன்னிக்கு கப்பல்கார ஆயா கீறாங்க, கூப்புடுறீங்க. கூப்புட்றது சுளுவு. ஆயா ஊருக்குப் போயி அந்தக் குவளைய இன்னா பண்ணாங்கன்னு எழுதட்டும். நெசத்த எழுதணும். அத கேட்டுட்டு வர்றதா வேணாமான்னு பாக்கறேன்."

இந்தப் பெண்தான் சேரிக் கிணற்றில் தூர் வாரவேண்டும் என்று முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு தாசில்தார் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தவள் என்று கதீஜா அப்புறம் சொன்னாள். அவளை அந்தப் பந்தலில் பேசவைக்க வேண்டும் என்பது கதீஜாவின் ஆசை.

5

டர்பனுக்கு வந்து சேர்ந்த முதல் செவ்வாய்க்கிழமை, நோமுசா வருவதற்கு முன்னாலேயே ஆணியைப் பிடுங்கினேன். குவளையைத் துணி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவள் வந்ததும் எங்கள் பித்தளை டம்ளரில் டீ கொடுத்தேன். காரியம் முடிந்தது, அஞ்சலைக்கு அன்று சாயங்காலமே எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

நோமுசா இரண்டு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். சுவரில் ஆணி இருந்த ஓட்டையைப் பார்த்தாள். துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை.

சரோஜா தெருவில் விசாரித்துக்கொண்டு வந்தாள். "ஆயா, அவங்க குவளைய எடுத்துட்டே இல்ல? இனிமே வராதேன்னு நீ சொல்ற மாதிரி நெனச்சுட்டாங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பதினேழு வருஷம் தனியாக வைத்ததற்கு அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எடுத்ததற்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளிடம் பேசாமலே அவளுக்கு நல்லது செய்யப் பார்த்திருக்கிறேன்.

6

மறுநாள் சரோஜாவைக் கூட்டிக்கொண்டு நோமுசா வீட்டுக்குப் போனேன். குன்றின்மேல் தகரக் குடிசை. எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் அரைமணி. பதினேழு வருஷத்தில் அன்றுதான் முதல் தரம் போகிறேன் என்பதை அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் உணர்ந்தேன்.

ஓடைக்கரையில் துணி துவைக்கும் பெண்களுக்கெல்லாம் நோமுசாதான் தலைவி. யாருக்கு எந்தக் கல், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவள் மூட்டையை யார் துவைப்பது, எல்லாம் அவள் சொன்னபடி. இதுவும் எனக்கு அன்றுதான் தெரியும். ஏழெட்டுப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

நோமுசா ஒரு கறுப்பு மண்கலயத்தைக் கொண்டுவந்தாள். மீலி மாவைப் புளிக்கவைத்த கூழ். அவர்கள் வழக்கத்தில், கொடுக்கிறவள் முதலில் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் விருந்தாளியிடம் கொடுப்பாள். கெடுதல் ஒன்றும் கலக்கவில்லை, தைரியமாகக் குடி என்று அர்த்தம். அதுதான் மரியாதை. நோமுசா வாய் வைத்து உறிஞ்சினாள். என்னைப் பார்த்துக்கொண்டே கலயத்தை நீட்டினாள்.

அஞ்சலை, நீ நிஜத்தை எழுதச் சொன்னாய். எச்சில் என்ற வார்த்தை என் மனசில் வந்தது. நான் பெற்ற பிள்ளை கடித்த பண்டத்தைத் தவிர, வேறொருவர் வாய் வைத்ததை நான் தொட்டது கிடையாது. கை நீண்டது, மனசு நீளவில்லை. சரி, நம் வழக்கப்படி அண்ணாந்து குடித்துவிடலாம், அவளுக்கும் குறையில்லை நமக்கும் குறையில்லை என்று கலயத்தைத் தூக்கிச் சரித்தேன்.

அது தண்ணீரா, மோரா? கூழ். முதலில் வரவே இல்லை. அப்புறம் மொத்தமாக வந்தது. மூக்கில், கண்ணில், ரவிக்கையில், கப்பலுக்கென்று வாங்கிய புதுப் புடவையில்.

அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பில் குன்று அதிர்ந்தது. சரோஜா தரையில் உருண்டாள். நோமுசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தன் தலைத்துணியை அவிழ்த்து என் முகத்தைத் துடைத்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் கலயத்தை வாங்கி, அவள் வாய் வைத்த விளிம்பிலேயே வாய் வைத்துக் குடித்தேன். ஆடி மாசத்தில் நம் அம்மன் கோயிலில் ஊற்றுவார்களே, அதே கூழ்தான். உப்பு மட்டும் குறைச்சல்.

சரோஜா நடுவில் உட்கார்ந்து சூலுவிலும் தமிழிலும் மாற்றிமாற்றிச் சொல்ல, குவளைக் கதை முழுவதையும் சொன்னேன். கொட்டாங்கச்சியையும் சொன்னேன், அஞ்சலை கேட்டதையும் சொன்னேன். நோமுசா கலயத்தை வாங்கிக் கீழே வைத்தாள். அப்புறம் சொன்னதைச் சரோஜா எனக்குச் சொன்னாள்.

"ஆயா, அவங்களுக்கு அந்தக் குவளைதான் வேணுமாம். உன் பித்தள டம்ளர் கோழிக்குஞ்சுக்குத் தண்ணி வெக்கிற மாதிரி சின்னதாம். ஆனா வெளியே மழையில இனிமே மாட்டக் கூடாதாம். அடியில துருப்பிடிச்சிருக்காம். அப்புறம்... தூக்கி ஊத்தறியே, அது அவங்களுக்கு முதல் நாள்லேர்ந்தே தெரியுமாம்."

கடைசியில் சொன்னதைக் கேட்டு நான் அந்தத் தலைத்துணியாலேயே இன்னொரு தரம் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

7

இப்போது நீலக் குவளை எங்கள் அடுப்பங்கரை அலமாரியில் மற்றப் பாத்திரங்களோடு இருக்கிறது. பெரிய குவளை என்பதால் அதற்கு ஏகப்பட்ட போட்டி. என் மகன் காலையில் எடுத்துக்கொள்வான். அவன் வைத்ததும் சரோஜா. செவ்வாய்க்கிழமை மட்டும் யாரும் தொடமாட்டோம். மற்ற நாளில் பத்து மணி டீ நான் அதில்தான் குடிக்கிறேன்.

எங்கள் தெருப் பெண்களும் மாசம் ஒரு தரம் கூடிப் பேசுகிறோம். போன மாசம் நோமுசாவைப் பேசக் கூப்பிட்டோம். ஒரு கூட்டத்தை அதட்டாமல் நடத்துவது எப்படி என்று பேசினாள். சரோஜாதான் தமிழில் சொன்னாள். வார்த்தைக்கு என்னிடம் ஓடி ஓடி வந்தாள். ஒரே நாளில் இருபது தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டாள். நான் சண்டை போட்டு இத்தனை வருஷத்தில் நடக்காதது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். என் மருமகள் அந்தக் குவளையை இன்னும் இரண்டு தரம் கழுவுகிறாள். கெட்டிலை எடுத்தால் என் கையும் சில நாள் உயரத்தான் பார்க்கிறது. அப்போது நானே அதை இறக்குகிறேன். இதற்கெல்லாம் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அதனால்தான் பதில் தாமதம்.

பத்திரிகைக்காரருக்கும் பந்தலில் இதைப் படிக்கிறவருக்கும் ஒரு வேண்டுகோள். எனக்கு ஞாபகம் சரியில்லை. பானைமேல் இருந்தது நாலு கொட்டாங்கச்சியா ஐந்தா, அன்றைக்குக் கடலைச் சுண்டலா காராமணியா, அஞ்சலையின் தம்பிக்கு இரண்டு குவளையா மூன்றா, இதையெல்லாம் அஞ்சலையிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். நான் எழுதியதும் அவள் சொல்வதும் வேறாக இருந்தால் என்னுடையதை அடித்துவிட்டு அவள் சொல்வதை எழுதுங்கள். கேட்டபிறகு எனக்கு ஒரு வரி போடுங்கள். அவளைப் பந்தக்காலுக்குப் போய்க் கேட்டீர்களா, கதீஜா பக்கத்துப் பாயில் வைத்துக் கேட்டீர்களா, அது தெரிந்தால் போதும்.